வண்டிக்கு வலி போதாது

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவிலிருந்து நாகர்கோவில் வரை: கியர் மாற்றத் தேவையில்லாத ஒரு சின்ன வண்டி, முன்னால் ஒரு பேருந்து, இடையில் காணாமல் போகும் ஒரு விநாடி.

திருவனந்தபுரத்தில் 'சாலை' என்றால் ரோடு அல்ல, கடைத்தெரு. கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை ஓடும் ஒரு தெருவும், அதிலிருந்து இரண்டு பக்கமும் கிளைக்கும் சந்துகளும் சேர்ந்ததுதான் சாலை. மலையாளிகள் சாலக்கம்போளம் என்பார்கள். மிளகு, மஞ்சள், கருப்பட்டி, வெண்கலப் பாத்திரம், வாழையிலை, பட்டாசு என்று எதைக் கேட்டாலும் ஏதோ ஒரு சந்தில் கிடைக்கும். பேரம் மலையாளத்தில் தொடங்கி, விலை படியாதபோது தமிழுக்கு மாறும். படிந்ததும் மறுபடி மலையாளம்.

இங்கே கேட்ட ஒரு சொல்தான் இந்தப் பயணத்துக்குக் காரணம். மசாலாச் சரக்கு மொத்த வியாபாரி ஒருவர், தான் வாங்கிய சின்ன எஸ்.யூ.வி.யைப் பற்றி இப்படிச் சொன்னார்: "வண்டி நல்ல வண்டிதான் தம்பி. ஏ.சி. உண்டு, காமிரா உண்டு, எல்லாம் உண்டு. ஆனா வலி போதாது."

வலி என்றால் நமக்கு நோவு. பழந்தமிழில் வலி என்றால் பலம். மலையாளத்திலோ இழுப்பு, சென்னைக்காரர் 'பிக்கப் இல்லை' என்பதை அவர்கள் 'வலி இல்லை' என்பார்கள். துடுப்பு வலிக்கிறார்கள் என்று நாமும் சொல்வதுண்டு. அந்த வலி இது. மொழிபெயர்ப்பு வேலையில் காலம் தள்ளுபவனுக்கு இப்படிப்பட்ட சொல் கிடைத்தால் விட மனம் வராது. வியாபாரி மறுநாள் கிராம்பு வாங்க நாகர்கோவில் போவதாகச் சொன்னார். வண்டியில் ஓர் இடம் காலி இருந்தது.

அவருடைய குடும்பம் கோட்டாற்றிலிருந்து வந்து சாலையில் கடை போட்டு நான்கு தலைமுறை ஆகிறது. இது சாலையில் அபூர்வமல்ல. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ், சிறுவயதில் ஒரு வணிகரிடம் கணக்கெழுதி வளர்ந்தவர். கடை வைப்பவனுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த அந்தத் திவான்தான் ஆலப்புழைத் துறைமுகத்தையும் சாலைக் கடைத்தெருவையும் நிறுவினார். நாஞ்சில் நாட்டு அரிசியும் கருப்பட்டியும் தேங்காயும் இந்தத் தெருவுக்கு மாட்டு வண்டியில் வந்தன. பின்னாலேயே வியாபாரிகளும் வந்தார்கள். அந்தத் தமிழ் வாழ்க்கையை எழுத்தில் பிடித்து வைத்தவர் ஆ. மாதவன். இதே தெருவில் கடை நடத்திக்கொண்டு கடைத்தெருக் கதைகளை எழுதியவர். 2015ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருது பெற்று, 2021இல் காலமானார்.

அண்ணாச்சி ஏன் கியர் மாற்றத் தேவையில்லாத வண்டி வாங்கினார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. காலை 9 மணிக்குச் சாலைத் தெருவில் நின்று பார்த்தால் போதும். தலைச்சுமைக்காரர்கள், தள்ளுவண்டிகள், பாதித் தெருவை அடைத்துச் சரக்கிறக்கும் மினி லாரி, நடுவே ஆட்டோ. பத்தடி நகர்ந்து நிற்க வேண்டும், மறுபடி பத்தடி. கிளட்சை மிதித்து மிதித்து அவருடைய இடது முழங்கால் ஓய்ந்துவிட்டது. டாக்டர் சொன்னதைவிட மகன் சொன்னது எடுபட்டது: "அப்பா, ஆட்டோமேட்டிக் வாங்குங்கோ." வண்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் சொல்லும் குறை ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியதல்ல.

அந்த வண்டியில் இருப்பது சி.வி.டி. எனப்படும் கியர்ப் பெட்டி. கியர்ப் பெட்டி என்பதே ஒரு மரியாதைக்குத்தான். அதில் நமக்குத் தெரிந்த ஒன்றாம் கியர், இரண்டாம் கியர் எதுவும் கிடையாது. எதிரெதிரே இரண்டு கப்பிகள். ஒவ்வொன்றும் முகத்துக்கு முகம் பார்க்கும் இரண்டு கூம்புகளால் ஆனது. இரண்டு கப்பிகளையும் ஓர் எஃகுப் பட்டை சுற்றி ஓடுகிறது. கூம்புகள் நெருங்கினால் பட்டை மேலேறும், விலகினால் கீழிறங்கும். ஒரு கப்பியில் ஏறும்போது மற்றதில் இறங்கும். இப்படியாக, படிக்கட்டு ஏறுவதற்குப் பதில் சறுக்குப் பாதையில் ஏறுவது போல விகிதம் மாறிக்கொண்டே போகிறது. சாலையின் நெரிசலில் இதற்கு ஈடு கிடையாது. உதறல் இல்லை, குலுக்கல் இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக ஊர்கிறது. கிள்ளிப்பாலம் வரும்வரை அண்ணாச்சி வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்தச் சங்கதி புதிதென்று நினைப்பவர்கள் தங்கள் வீட்டு ஸ்கூட்டரைத் திறந்து பார்க்கலாம். 1984இல் வந்த கைனடிக் ஹோண்டாவிலும், ஓசூரில் செய்த ஸ்கூட்டியிலும், இன்று தெருவெல்லாம் ஓடும் கியரில்லா ஸ்கூட்டர்களிலும் இருப்பது இதன் தம்பிதான். அங்கே ரப்பர் பட்டை. கூம்பை நெருக்குவது சின்னச் சின்ன ரோலர்கள். ரோலர் தேய்ந்தால் பிக்கப் போய்விடும் என்பது எந்த ஸ்கூட்டர் மெக்கானிக்குக்கும் தெரியும். எடை குறைந்த ரோலர் போட்டு இழுப்பைக் கூட்டித் தருபவர்களும் உண்டு. காரில் அந்தக் கைவேலை நடக்காது. அங்கே கூம்பை நெருக்குவது எண்ணெயின் அழுத்தம்; எவ்வளவு நெருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது கம்ப்யூட்டர்.

காரில் இதை முதலில் பெரிய அளவில் விற்றவர்கள் ஹாலந்துக்காரர்கள். ஹூப் வான் டோர்னே என்பவரின் டாஃப் கம்பெனி 1958இல் காட்சிக்கு வைத்த டாஃப் 600 என்ற குட்டிக் காரில் ரப்பர் பட்டைகள்தான் கியர். பின்னோக்கியும் அதே வேகத்தில் போகக்கூடிய கார் என்பதால் ஹாலந்தில் அதை வைத்துப் பின்னோட்டப் பந்தயம்கூட நடத்தினார்கள். பிறகு அதே பரம்பரையில் எஃகுப் பட்டை வந்தது. மெல்லிய எஃகு வளையங்களில் சுமார் 400 எஃகுத் துண்டுகளைக் கோத்த பட்டை. ரப்பர் பட்டை இழுக்கும், இது தள்ளும். 1987இல் ஜப்பானின் சுபாரு ஜஸ்டி கார் இந்தப் பட்டையோடு தெருவுக்கு வந்தது.

நம் நாட்டில் இப்போது சின்ன எஸ்.யூ.வி.களில் இது சகஜம். 2020 டிசம்பரில் வந்த நிஸான் மேக்னைட், 2021இல் வந்த ரெனோ கைகர் இரண்டும் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் பிறந்தவை. 2020இல் வந்த இரண்டாம் தலைமுறை ஹூண்டாய் கிரெட்டாவுக்கு இருங்காட்டுக்கோட்டை; அதில் இந்தப் பெட்டிக்கு வேறு பெயர், பட்டைக்குப் பதில் சங்கிலி. 2023இல் வந்த ஹோண்டா எலிவேட் ராஜஸ்தானத்தில் தயாராகிறது. இவற்றில் எதை வாங்கினாலும் வாங்கியவர்களில் ஒரு பகுதியினர் அண்ணாச்சியின் புகாரைத்தான் சொல்கிறார்கள். மிதித்தால் எஞ்சின் அலறுகிறது, வண்டி யோசிக்கிறது.

கரமனை, நேமம் கடந்து அகலமான ரோட்டில் போகும்வரை எல்லாம் சுகம். கோவளம் வழியாகக் காரோடு வரை புறவழிச்சாலை வந்துவிட்டது, அதன் தென்பகுதி கான்கிரீட்டில் வழவழவென்று கிடக்கிறது. ஆனால் அண்ணாச்சியின் மாமியாரை நெய்யாற்றின்கரையில் அவருடைய தங்கை வீட்டுக்கு முன்னால் நிறுத்தி நலம் விசாரிக்க வைக்க வேண்டியிருந்ததால் பழைய ரோடு. பாலராமபுரம் சந்திப்பில் அது சட்டென்று ஒடுங்குகிறது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து அரசர் பாலராமவர்மா காலத்தில் வந்து குடியேறிய சாலியர்கள் நெய்யும் கைத்தறிக்குப் பேர் போன ஊர். இங்கிருந்து தெற்கே வளைவும் ஏற்றமும் இறக்கமுமாக, போக ஒன்று வர ஒன்று என்று இரண்டே தடங்கள். முன்னால் ஓர் அரசுப் பேருந்து, 50 கிலோமீட்டர் வேகத்தில்.

இங்கேதான் நாடகம். வளைவு தாண்டி ரோடு நேராகத் தெரிந்ததும் அண்ணாச்சி மிதியை அமுக்கினார். எஞ்சின் சத்தம் ஒரே தாவலில் உச்சிக்குப் போனது. வண்டி அதே இடத்தில் இருப்பதாகத் தோன்றியது. சத்தத்துக்கு மிரண்டு அவர் காலை எடுத்தார். எஞ்சின் அடங்கியது. அந்தக் கணம் வண்டி மெல்ல முன்னேறத் தொடங்கியிருந்தது. மறுபடி மிதித்தார். மறுபடி அலறல். அதற்குள் எதிரே ஒரு டிப்பர் லாரி. மூன்று முறை இப்படி. பின் இருக்கையில் மாமியார் பத்மநாபசுவாமியை அழைத்துக்கொண்டிருந்தார்.

நடந்தது என்ன? சாவகாசமாக ஓடும்போது சி.வி.டி. எஞ்சினைத் தூங்க வைத்திருக்கும். 50 கிலோமீட்டரில் போகும் வண்டியின் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குப் பக்கத்தில் முனகிக்கொண்டிருக்கும், பெட்ரோல் மிச்சம். திடீரென்று மிதித்தால் அதை எழுப்பி 4,000, 5,000 சுற்றுக்குக் கொண்டுபோக வேண்டும். பட்டை கப்பிகளில் இடம் மாற வேண்டும். அந்த நேரத்தில் எஞ்சினின் சக்தியில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகாமல், எஞ்சின் தன்னையே சுழற்றிக்கொள்வதில் செலவாகிறது. டர்போ எஞ்சினாக இருந்தால் அதற்கும் மூச்சுப் பிடிக்க நேரம் வேண்டும். ஆக, காதுக்கு வேகம் முதலில் வருகிறது, முதுகுக்குப் பிறகு வருகிறது. இழுத்து விட்ட ரப்பர் வளையம் போல என்று ஓட்டிப் பார்ப்பவர்கள் சொல்வது இதைத்தான்.

ஆனால் எழுந்த பிறகு? எஞ்சின் தன் முழுச் சக்தியையும் தரும் சுற்றில் அசையாமல் நிற்க, வண்டி மட்டும் வேகம் எடுத்துக்கொண்டே போகும். கியர் மாற்றும் வண்டியில் ஒவ்வொரு கியருக்கும் எஞ்சின் ஏறி இறங்கி ஏற வேண்டும். இங்கே அந்த இடைவெளியே இல்லை. அந்த ஒரே சுருதி அலறல்தான் வண்டி முழு மூச்சில் வேலை செய்வதன் அடையாளம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் காலை எடுப்பவர், எழுப்பியவனை மறுபடி தூங்கச் சொல்கிறார். அடுத்த மிதிக்கு மறுபடி முதலிலிருந்து. இதைச் சமாளிக்க முடியாமல்தான் சில கம்பெனிகள், இல்லாத கியர்கள் மாறுவது போல ஒரு பாவனையைக் கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருக்கின்றன. காதுக்கு ஒரு லஞ்சம், அவ்வளவுதான்.

சி.வி.டி. என்றாலே மந்தம் என்ற பேச்சுக்கு 1993இல் ஒரு பதில் கிடைத்தது. ஃபார்முலா 1 பந்தயத்தில் அந்த ஆண்டு கொடிகட்டிப் பறந்த வில்லியம்ஸ் அணி, தன் எஃப்.டபிள்யூ. 15சி காரில் சி.வி.டி.யைப் பொருத்தி, டேவிட் கூல்தார்டை ஓட்டவைத்துச் சோதித்தது. அது பந்தயத்துக்கே வரவில்லை. 1994ஆம் ஆண்டு விதிகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் நிலையான கியர்கள் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டன. மந்தமான பொருளுக்கு யாரும் தடை போட மாட்டார்கள். நம் ஊர்க் கார்களில் இது மந்தமாகத் தெரிவதற்குக் காரணம், சின்ன எஞ்சின், மைலேஜுக்காக எழுதிய கம்ப்யூட்டர், நிறைய சுமை, அவசரப்படும் கால்.

இது வெறும் ரசனை விவகாரம் என்றால் இவ்வளவு தூரம் எழுத வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 மீட்டர் நீளப் பேருந்து 50 கிலோமீட்டரில் போகிறது. அதற்கு 15 மீட்டர் பின்னாலிருந்து கிளம்பி, 15 மீட்டர் முன்னால் போய் ஒதுங்க வேண்டும். நம் வண்டியின் நீளத்தையும் சேர்த்தால் பேருந்தைவிட 46 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். 50இலிருந்து 80க்குப் போக 6 விநாடி ஆகிற வண்டி, 80ஐத் தாண்டாமல் ஓட்டினால், இந்த வேலையை முடிக்க சுமார் 8½ விநாடி வேண்டும். எதிரே 60 கிலோமீட்டரில் ஒரு லாரி வந்தால், கிளம்பும்போது நமக்கும் அதற்கும் நடுவே 300 மீட்டருக்கு மேல் காலி ரோடு இருக்க வேண்டும். பெட்டி தூங்கி எழ ஒரு விநாடி எடுத்துக்கொண்டால் இன்னும் 30 மீட்டர்.

சுமையைச் சேருங்கள். வண்டியின் எடை 1,000 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து பேரும் 80 கிலோ சரக்கும் ஏறினால் 1,430. எஞ்சின் அதேதான், வேகம் கூடும் திறனில் கால் பங்கு போய்விட்டது. 6 விநாடி 8 ஆகிறது, முந்திச் செல்ல 9½ விநாடி. பெட்டியின் தாமதமும் சேர்ந்தால் 10½. இப்போது வேண்டிய காலி ரோடு 360 மீட்டருக்கும் மேல். பாலராமபுரத்துக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே அவ்வளவு நீளத்துக்கு ரோடு கண்ணுக்குத் தெரியும் இடங்களை விரல் விட்டு எண்ணலாம். அண்ணாச்சி திட்டியதெல்லாம் பெட்டியை. அது திருடும் அதே ஒரு விநாடியைச் சுமையும் திருடுகிறது என்பதை அவர் நினைத்துப் பார்த்ததில்லை. நாங்கள் ஐந்து பேர். டிக்கியில் உறவினர்களுக்கான அரிசி மூட்டை, நேந்திரம் குலை, இரண்டு டின் எண்ணெய். கூரைமேல் எப்போதோ மாட்டி எடுக்காமலே விட்ட இரும்புக் கேரியர்.

அமரவிளை, பாறசாலை கடந்து களியக்காவிளை. 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை இங்கே எல்லை கிடையாது. சாலையும் கோட்டாறும் ஒரே ராஜ்ஜியத்தின் இரண்டு கடைவீதிகள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு சேர்ந்தபோதுதான் இந்த ரோட்டின் குறுக்கே கோடு விழுந்தது. கேரளம் 2023 ஏப்ரலிலிருந்து பெட்ரோலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் தீர்வை போட்ட பிறகு, கோட்டைத் தாண்டி வந்து டாங்க் நிரப்பும் பழக்கம் இன்னும் உறுதிப்பட்டது. அண்ணாச்சியும் நிரப்பினார். மேலும் 30 கிலோ.

இங்கிருந்து வண்டியை நான் ஓட்டினேன். செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. 'எக்கோ' என்ற பொத்தானை அணைத்தேன்; அது மிதியைச் சோம்பேறியாக்கும் பொத்தான். பேருந்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாமல் இரண்டு மூன்று விநாடி தூரம் விட்டுப் போனேன். அப்போது ரோடும் தெரிகிறது, ஓடி வந்து தாண்ட இடமும் இருக்கிறது. வளைவு முடிந்து ரோடு திறக்கப் போகிறது என்று தெரிந்ததும், நம் தடத்திலேயே இருந்துகொண்டு 'எஸ்' நிலைக்கு மாற்றி, மிதியைப் பாதிவரை சீராக அமுக்க வேண்டும். எஞ்சின் 3,000 சுற்றைத் தாண்டி விழித்துக்கொள்ளும். அந்தத் திருட்டுப் போகும் விநாடி எதிர்த்தடத்தில் போகாமல் நம் தடத்திலேயே போய்விடும். எதிரே ஆள் வந்தால் காலை எடுத்துவிடலாம், நஷ்டமில்லை. வராவிட்டால் வெளியே வந்து மிதியை முழுக்க அமுக்கி, என்ன அலறினாலும் தாண்டி முடிக்கும்வரை எடுக்கக் கூடாது. 'எஸ்' இல்லாத வண்டியில் 'எல்' இருக்கும், அல்லது கியர்க் கம்பியில் ஒரு பொத்தான் இருக்கும். கையேட்டில் அதற்கு இரண்டு வரி ஒதுக்கியிருப்பார்கள். அண்ணாச்சியின் கையேடு பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டாஷ்போர்டில் கிடந்தது.

குழித்துறைக்கு முன்னால் ஒரு பால் வண்டியையும், பாலம் தாண்டி ஒரு பேருந்தையும் கடந்தோம். "இது என்ன, வேற வண்டி மாதிரி இருக்கு" என்றார் அண்ணாச்சி. மாமியார் கண்ணைத் திறந்து பார்த்தார்.

மார்த்தாண்டம் இரும்பு மேம்பாலத்தில் முந்துவதற்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை. கீழே தேங்காப்பட்டணம் போகும் ரோடு பிரிகிறது. அந்த வழியில் புதுக்கடைக்குப் பக்கத்தில் பார்த்திபபுரம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் இங்கே ஒரு கோவிலும், 95 மாணவர்கள் தங்கிப் படிக்க ஒரு சாலையும் அமைத்தான். சாலை என்ற சொல்லுக்கு அன்று அதுதான் பொருள். உண்டும் உறைந்தும் கற்கும் இடம். அதற்கு முன்மாதிரியாகச் செப்பேடு சொல்வது காந்தளூர்ச் சாலையை. ராஜராஜ சோழன் தன் மெய்க்கீர்த்தியில் 'கலமறுத்த'தாகப் பெருமை பேசும் அதே காந்தளூர்ச் சாலை. கலம் என்றால் கப்பலா, சோற்றுக் கலமா என்று அறிஞர்கள் நூறாண்டாகச் சண்டை போடுகிறார்கள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். காந்தளூர் எது என்பதிலும் ஒருமித்த கருத்தில்லை. ஆனால் அண்ணாச்சியின் கடையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வலியசாலையில் ஒரு காந்தளூர் மகாதேவர் கோவில் இருக்கிறது. சாலைக்காரர்களுக்கு அந்த அத்தாட்சி போதும். வலி பலமாகவும் நோவாகவும் இழுப்பாகவும் ஆனது போலத்தான் சாலையும்: பள்ளி, கடைத்தெரு, ரோடு.

தக்கலை தாண்டி வில்லுக்குறி, பார்வதிபுரம் என்று நாகர்கோவிலுக்குள் நுழைந்தபோது பகல் 12 மணி. கிராம்பு வியாபாரி வர நேரமாகும் என்றார்கள். மாறாமலை, வெள்ளிமலைப் பக்கத்துக் கிராம்பு அது. கன்னியாகுமரிக் கிராம்பு என்று 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. காத்திருக்கும் நேரத்துக்கு அண்ணாச்சிக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனோம்.

அண்ணாச்சி வைத்த கேள்வி வேறு. சாலைக்குப் பக்கத்தில் ஒரு கார் அலங்காரக் கடையில் மிதியோடு இணைக்கும் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி, பிக்கப் இரட்டிப்பாகும் என்று ஆசை காட்டியிருக்கிறார்கள். இன்னொருவர் எஞ்சின் கம்ப்யூட்டரையே மாற்றி எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எது நல்லது?

மெக்கானிக்குக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். முதலாவதைக் கேட்டுச் சிரித்தார். "அது மிதியை நீங்க அமுக்கறதுக்கு முன்னாடி அமுக்கினதா எஞ்சினுக்குப் பொய் சொல்லும் அண்ணாச்சி. காலை இன்னும் ரெண்டு விரக்கடை அமுக்கினா அதே பலன்." இரண்டாவதுக்கு அவர் சிரிக்கவில்லை. எஃகுப் பட்டை கூம்பைப் பற்றியிருப்பது எண்ணெய் அழுத்தத்தின் பலத்தில்தான். எஞ்சினின் முறுக்குவிசையைக் கூட்டினால் ஒரு கட்டத்தில் பட்டை வழுக்கும். வழுக்கினால் கூம்பில் கீறல் விழும். கீறல் விழுந்த பெட்டியைச் சீர்செய்வது கஷ்டம், மாற்றுவதற்கு ஆகும் செலவு தலை சுற்ற வைக்கும், உத்தரவாதமும் போய்விடும்.

கம்பெனிகளே இந்த விஷயத்தில் பயந்துதான் நடக்கின்றன. மேக்னைட்டின் டர்போ எஞ்சின் சாதாரண கியரோடு வந்தால் 160 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதே எஞ்சின் சி.வி.டி.யோடு வந்தபோது 152. பெட்டியின் தாங்குதிறனை மனதில் வைத்துப் போட்ட கடிவாளம் என்றே இதை எடுத்துக்கொள்ளத் தோன்றுகிறது. அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரை விற்ற சி.வி.டி. கார்களுக்கு நிஸான் பெட்டியின் உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல் என்று நீட்டித்துக் கொடுத்ததும் இந்தப் பெட்டியின் வரலாற்றில் ஒரு பக்கம். அதற்குப் பிறகு பெட்டிகள் தேறியிருக்கின்றன. ஆனாலும் கடிவாளத்தை அறுக்கச் சொல்பவர் பழுதானால் கூட வரப்போவதில்லை.

மெக்கானிக் செய்ததெல்லாம் சில்லறை வேலை. நான்கு டயரிலும் காற்று குறைவு. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்து, முழுச் சுமைக்கு உரிய அளவுக்கு ஏற்றினார். பின் சக்கரம் ஒன்றில் பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டிருந்தது. காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினார். சாலைத் தெருவின் மஞ்சள், மிளகாய்ப் பொடி, அரிசித் தவிடு எல்லாம் அதில் இருந்தன. தும்மிக்கொண்டே புதியது போட்டார். சி.வி.டி. எண்ணெய் மாற்ற வேண்டிய கிலோமீட்டரை வண்டி எப்போதோ தாண்டிவிட்டது. அதற்குரிய எண்ணெய் தன்னிடம் இல்லை, சாதாரண ஆட்டோமேட்டிக் பெட்டியின் எண்ணெயை ஊற்றும்படி யார் சொன்னாலும் விடாதீர்கள், கம்பெனி சர்வீசிலேயே மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். இருக்கிற வியாபாரத்தை வேண்டாம் என்று சொன்ன அந்த நேர்மை எங்கும் கிடைப்பதில்லை. கடைசியாகக் கூரைமேலிருந்த இரும்புக் கேரியரைக் காட்டி, இது எதற்கு என்றார். யாருக்கும் பதில் தெரியவில்லை. இரண்டு பேர் சேர்ந்து தூக்கி இறக்கினார்கள்.

அண்ணாச்சி அதற்குப் பிறகு மனைவியையும் மாமியாரையும் முன்னும் பின்னும் பார்த்தார். அவர்களை இறக்கிவிட வழியில்லை. கிராம்பு வந்தது, தலா 40 கிலோவில் மூன்று மூட்டை. வழக்கமாக டிக்கியில் இரண்டு, பின்னிருக்கையில் கால் வைக்கும் இடத்தில் ஒன்று. மூட்டைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், கடைப் பையனைக் கூப்பிட்டு வடசேரியில் பார்சல் லாரிக்கு இப்போது என்ன வாடகை என்று கேட்டார். பையன் சொன்ன தொகையைக் கேட்டு முகம் சுளித்தார். மலையாளத்தில் பேரம் பேசிப் பார்த்தார், பையனுக்குப் புரியவில்லை. தமிழில் இருபது ரூபாய் குறைந்தது. மூட்டைகள் லாரிக்குப் போயின.